112-ஆவது வரிசையை மூடாதீர்கள்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 21 வயது. உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, காலேஜ் பிளேஸ்மென்ட்டில் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு வருட அப்ரென்டிஸாகச் சேர்ந்தேன். நான்கு மாதம் ஆகிறது. ஸ்டைபெண்ட் 15,000 ரூபாய். அதில் ஹாஸ்டலுக்கே 7,500 போய்விடுகிறது.

முதல் ஆறு வாரம் வகுப்பு. ஜாவா, எஸ்.க்யூ.எல்., கோட் மாற்றங்களைக் குறித்துவைக்கிற கிட் எல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் ஒரு டீமில் போட்டார்கள். அமெரிக்க கிளையன்ட். அன்றிலிருந்து எனக்கு எக்செல் ஷீட் நிரப்புகிற வேலைதான். பழையதெல்லாம் இன்னும் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற ரெக்ரஷன் டெஸ்ட் என்று 340 வரிசை. ஒவ்வொரு ஸ்கிரீனாகத் திறந்து பாஸ், ஃபெயில் போட வேண்டும். ரிலீஸ் நாட்களில் இரவு 10 மணி ஆகிவிடும். புரோகிராம் கோடைத் திறந்து பார்த்தால் கடல் மாதிரி இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. ஒரு தடவை கிளையன்ட் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். மார்ச் 1 என்று வர வேண்டிய தேதி பிப்ரவரி 28 என்று காட்டியது. அது என் ஷீட்டில் 112-ஆவது வரிசை. நான் போட்டுப் பார்த்தால் சரியாக மார்ச் 1 வருகிறது. சீனியரும் பார்த்தார், அவருக்கும் சரி. "நமக்கு வரலை, க்ளோஸ் பண்ணிடு" என்றார். மூடிவிட்டேன்.

இதே டீமில் இன்ஜினியரிங் முடித்த இரண்டு பேர் என்னோடுதான் சேர்ந்தார்கள். அவர்கள் எம்ப்ளாயீ, நீல டேக். எனக்கு ஆரஞ்சு டேக். தினமும் நடக்கிற டீம் காலில் நான் மைக்கை ஆன் பண்ணுவதே இல்லை. இப்போது கோயம்புத்தூரில் 25 பேர் இருக்கிற ஒரு கம்பெனியில் வருடம் 3 லட்சத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது. வீட்டுக்குப் பக்கம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா மினி பஸ் ஓட்டுகிறார். "பெர்மனென்ட் ஆக்குவாங்களா இல்லையான்னு கேட்டுச் சொல்லு கண்ணு" என்கிறார். யாரைக் கேட்பது, என்ன கேட்பது? போகவா, இருக்கவா?

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

கோயம்புத்தூரை அப்புறம் பார்க்கலாம். முதலில் சேர்ந்த அன்று நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தேடி எடுங்கள். "அப்ரென்டிஸ்" என்று சொல்லிச் சேர்க்கிற எல்லோரும் சட்டப்படி அப்ரென்டிஸ் இல்லை. சும்மா அந்தப் பேரை வைத்துக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறவர்களும் உண்டு. உங்கள் ஒப்பந்தம் தொழிற்பழகுநர் சட்டம் 1961-இன் கீழ் பதிவானதா என்று பாருங்கள். பட்டதாரிகள் என்றால் பெரும்பாலும் மத்திய கல்வி அமைச்சகத்தின் நாட்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சி) திட்டத்தில் பதிவு செய்வார்கள். நம் தென்மண்டலத்துக்கு அதைக் கவனிக்கிற வாரியம் தரமணியில் இருக்கிறது, ஓ.எம்.ஆரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான். உங்கள் பெயரில் நாட்ஸ் போர்ட்டலில் ஒரு பதிவு எண்ணும் ஒப்பந்தமும் இருக்க வேண்டும். இருந்தால் வருடம் முடிகிறபோது வாரியத்தின் சான்றிதழ் கிடைக்கும். பதிவே இல்லாமல், உங்கள் அசல் மார்க் ஷீட்டையும் யாராவது வாங்கி வைத்திருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். அதைத் திரும்ப வாங்குகிற வேலையைப் பாருங்கள்.

பதிவு இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். அப்பாவின் கேள்விக்குச் சட்டம் சொல்கிற பதில் அவ்வளவு இனிப்பாக இருக்காது. 18-ஆவது பிரிவுப்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அதனால்தான் பி.எஃப். பிடித்தம் இல்லை, நீல டேக் இல்லை. 22-ஆவது பிரிவுப்படி, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. ஆனால் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்து வைத்திருக்க வேண்டும் என்று 2014-இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. பயிற்சி முடிந்ததும் இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தால், அது இரண்டு பக்கத்தையும் கட்டும். அவர்கள் வேலை கொடுக்க வேண்டும், நீங்களும் சேர வேண்டும். இந்த வரி உங்கள் காகிதத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆகவே ஹெச்.ஆரிடம் "என்னை பெர்மனென்ட் ஆக்குவீர்களா" என்று கேட்காதீர்கள். "பார்க்கலாம்" என்பார்கள். அந்த ஒரு சொல்லோடு நீங்கள் இன்னும் எட்டு மாதம் காலம் தள்ள வேண்டியிருக்கும். கேட்க வேண்டியவை வேறு. அப்ரென்டிஸை எம்ப்ளாயீயாக மாற்றுவதற்கான பாலிசி எழுத்தில் இருக்கிறதா? போன பேட்சில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் மாறினார்கள்? மாற்றம் தேர்வு மூலமா, மேனேஜர் ரெகமண்டேஷன் மூலமா? மெயிலில் கேளுங்கள். நேரில் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். போன பேட்சில் மாறிய ஒருவர் எப்படியும் உங்கள் மாடியிலேயே இருப்பார். அவரைக் கண்டுபிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பாலிசியில் எழுதாததெல்லாம் அவரிடம் இருக்கும்.

காசு விஷயம். 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரி அப்ரென்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தன. நாட்ஸில் அந்தக் குறைந்தபட்சத்தில் பாதி மத்திய அரசின் பங்கு. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற எந்த நிறுவனமும் தன் ஆள்பலத்தில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ்களை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகள்தான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் முழுக்க, ஏதோ பெரிய மனது பண்ணி உங்களை உள்ளே விட்டதுபோல ஒரு கூச்சம் தெரிகிறது. அப்படி யாரும் தயவு காட்டவில்லை. உங்களை எடுப்பது அவர்கள் சட்டக் கடமை, கூடவே அவர்களுக்குச் சிக்கனமும்கூட. அந்த மாடியில் உட்கார உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இரவு 10 மணி பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, அப்ரென்டிஸ்ஷிப் ஆலோசகர் என்கிற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் அப்ரென்டிஸை ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. ஆனால் ரிலீஸ் நாளில் இதைத் தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் முகத்துக்கு எதிரே நீட்டச் சொல்லமாட்டேன். ஒரு மாற்றம் கிளையன்ட் நிஜமாகப் பயன்படுத்துகிற ப்ரொடக்‌ஷனுக்கு எப்படிப் போகிறது, போனபின் எது உடைகிறது, உடைந்ததை எப்படிப் பழைய நிலைக்கு இழுக்கிறார்கள் என்பதையெல்லாம் ரிலீஸ் இரவில்தான் பார்க்க முடியும். ரிலீஸ் நடக்கிற அந்த டீம் காலில் நீங்களும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது பயிற்சி. மற்றவர்கள் கிளம்பிப் போனபின் நீங்கள் மட்டும் தனியாகப் பாஸ், ஃபெயில் போட்டுக்கொண்டிருந்தால் அது பயிற்சி இல்லை, அதைச் சொல்லலாம். எப்படியானாலும் கம்பெனி கேப் இல்லாமல் அந்த நேரத்தில் கிளம்பாதீர்கள்.

சரி, இப்போது 112-ஆவது வரிசைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நீங்கள் அதை ஒரு வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நான் உங்கள் கோடைப் பார்த்ததில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுகிறேன். அந்த ஸ்கிரீனில் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும். சர்வரிலிருந்து தேதி வெறும் "2025-03-01" என்று வருகிறது, மணி இல்லை. ஜாவாஸ்கிரிப்டிடம் இப்படி மணி இல்லாத தேதியைக் கொடுத்தால், அது உலகப் பொது நேரப்படி அன்று நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளும். பிறகு பார்க்கிறவர் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். நாம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். அதனால் சென்னையில் அது மார்ச் 1 விடியற்காலை ஐந்தரை. தேதி மாறவில்லை. நியூயார்க் குளிர்காலத்தில் ஐந்து மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே அது பிப்ரவரி 28 மாலை ஏழு. ஸ்கிரீன் மணியைக் காட்டுவதில்லை, தேதியை மட்டும்தான் காட்டுகிறது. அதனால் ஒரு நாளே காணாமல்போய்விட்டது.

உங்கள் மேஜையில் எத்தனை தடவை போட்டாலும் அது சரியாகத்தான் வரும். சீனியர் மேஜையிலும் அப்படித்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஓ.எம்.ஆர். முழுக்க அத்தனை லேப்டாப்பிலும் சரியாக வருகிற ஒரு தவறு, கிளையன்ட் ஊரில் அத்தனை பேருக்கும் தவறாக வருகிறது. இதை உறுதிப்படுத்த ஒரு சின்ன வேலை போதும். லேப்டாப்பின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றிவிட்டு ஸ்கிரீனைத் திறந்து பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் அதை மாற்ற விடமாட்டார்கள் என்றால், குரோம் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் சென்சார்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் இடத்தை அமெரிக்காவில் ஓர் ஊருக்கு மாற்றினால் நேரமும் சேர்ந்து மாறும். பிப்ரவரி 28 வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 28-ஐப் பார்க்கிற நிமிடம் வயிற்றில் ஏதோ பண்ணும் பாருங்கள், இருபது வருடம் ஆகியும் எனக்கு அது பழகவில்லை.

கடல் மாதிரி இருக்கிறது என்றீர்களே, அந்தக் கோடுக்குள் நீங்கள் இறங்க வேண்டிய படித்துறையும் இதே வரிசைதான். யாரும் பெரிய கோடை முதல் ஃபைலிலிருந்து படிப்பதில்லை. லினக்ஸ் கெர்னல் மூன்று கோடி வரிகளுக்கு மேல். அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்கூட ஒவ்வொரு வரியையும் தானே பார்ப்பதில்லை. பகுதிக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், யார் எதற்குப் பொறுப்பு என்ற பட்டியலே ஒரு ஃபைலாக அந்தக் கோடோடு சேர்ந்தே இருக்கிறது. உங்கள் டீமில் 14 வருடம் இருக்கிற ஆளுக்கும் முழுசாகத் தெரியாது. தெரிந்தமாதிரி காலில் பேசுவார், அவ்வளவுதான்.

ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். இந்தத் தேதி ஸ்கிரீனில் எந்த வரியால் வருகிறது? ஸ்கிரீனில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் இருக்கிற தலைப்பை அப்படியே எடுத்து, மொத்த கோடும் இருக்கிற ரெப்போவில் தேடுங்கள். ஒரு ஃபைல் சிக்கும். அதிலிருந்து அது கூப்பிடுகிற இன்னொரு ஃபைல். மூன்றாவது, நான்காவது ஃபைலில் தேதியை மாற்றுகிற அந்த வரி இருக்கும். அங்கே நின்று கிட் பிளேம் போடுங்கள். பிளேம் என்றால் பழி, பேர்தான் அப்படி. அது சொல்வது வரலாறு. அந்த வரியை யார், எப்போது, எந்த கமிட்டில் எழுதினார் என்று காட்டும். எந்த டிக்கெட்டுக்காக, அதாவது எந்தப் பிழை அல்லது வேலைப் பதிவுக்காக என்பது பெரும்பாலும் அந்த கமிட்டின் குறிப்பில் இருக்கும். அந்த டிக்கெட்டைத் திறந்து படியுங்கள். ஆறு வார வகுப்பில் கிட்டில் கமிட், புஷ் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரு வரியின் வரலாற்றைப் படிக்க யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரே கேள்வியோடு போனதில் நான்கு ஃபைலும் ஒரு பழைய டிக்கெட்டும் உங்களுக்குத் தெரிந்துவிட்டன. இப்படியே வாரத்துக்கு ஒரு கேள்வி எடுத்தால் எட்டு மாதத்தில் 30 தடவைக்கு மேல் உள்ளே போய் வந்திருப்பீர்கள். அந்த நீல டேக் இருவரும் அவ்வளவு போயிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

340 வரிசை ஷீட்டை நீங்கள் தண்டனையாகப் பார்க்கிறீர்கள். நான் அதைக் கொஞ்சம் பொறாமையோடு பார்க்கிறேன். மொத்த சாஃப்ட்வேரையும் கிளையன்ட் பார்க்கிற பக்கத்திலிருந்து திறந்து பார்த்திருப்பது உங்கள் டீமில் நீங்கள் ஒருவர்தான். ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. இரண்டு மூன்று ரிலீஸுக்கு அது பாடம். அதற்கு மேல் கையால் செய்துகொண்டிருந்தால் நீங்கள் மலிவான டெஸ்டர் மட்டும்தான். 340-இல் ஒரே மாதிரி இருக்கிற 20 வரிசையை எடுத்து, பிரவுசரைத் தானாக இயக்குகிற செலினியம் மாதிரி எதையாவது வைத்து ஆட்டோமேட் பண்ணிக் காட்டுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள். அனுமதி கேட்டுக்கொண்டும் நிற்காதீர்கள். செய்து காட்டியபின் "மீதி 320-ஐயும் பண்ணலாமா" என்று கேளுங்கள்.

கேட்பது என்றதும் என் பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. நானும் பி.எஸ்சி.தான். 2006-இல் ஒரு பெரிய கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். பேர் வேண்டாம். முதல் டிக்கெட் கொடுத்தார்கள். என் மிஷினில் பில்ட், அதாவது கோடை ஓடுகிற புரோகிராமாக மாற்றுகிற வேலை, ஓடவில்லை, ஏதோ ஒரு எரர். நானே தீர்ப்பேன் என்று உட்கார்ந்தேன். மூன்று தடவை எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் பண்ணினேன். கிடைத்ததையெல்லாம் படித்தேன். மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை, போனால் யாராவது "என்னாச்சு டிக்கெட்" என்று கேட்பார்களே. இப்படி ஒன்பது நாள். பத்தாவது நாள் பக்கத்து கியூபிக்கிளில் இருந்த ஒரு அக்கா தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பியவர் என் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் ஐடியை இன்னும் அந்த குரூப்ல சேர்க்கலை போலருக்கே." ஒரு மெயில். ஐந்து நிமிடத்தில் ஆக்சஸ் வந்தது. பில்ட் ஓடியது. அன்று மாலை ரெஸ்ட் ரூமில் போய் அழுதேன். அந்த அக்கா திட்டவே இல்லை. "ஒன்பது நாளா?" என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு 45 நிமிடக் கணக்கு. 45 நிமிடம் முட்டியும் நகரவில்லை என்றால் ஆளைக் கேட்டுவிடுவேன். ஆனால் "அக்கா, வொர்க் ஆகலை" என்று கேட்டால் அது கேள்வி இல்லை, புலம்பல். உங்கள் தேதி விஷயத்தையே எடுத்துக்கொண்டால் சீனியருக்கு இப்படி அனுப்பலாம்: "அண்ணா, 112 பற்றி. பிரவுசரில் இடத்தை நியூயார்க் ஆக்கினால் பிப்ரவரி 28 வருகிறது, சென்னையில் மார்ச் 1. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். தேதியை மாற்றுகிற வரி இந்த ஃபைலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். டிக்கெட்டை ரீஓப்பன் பண்ணட்டுமா? ஃபிக்ஸை நானே முயற்சி பண்ணலாமா?" என்ன பார்த்தேன், என்ன செய்தேன், என்ன வேண்டும் மூன்றும் அதில் வந்துவிட்டன. அவர் பதில் சொல்ல அரை நிமிடம் போதும். பிஸியான ஆளிடம் அரை நிமிடம் கேட்டால் கொடுப்பார், அரை மணி கேட்டால் நாளைக்கு என்பார். இன்னொன்று, அவர் மூடச் சொன்ன டிக்கெட் அது. அதனால் "நீங்க தப்பா மூடிட்டீங்க" என்கிற வாடை துளியும் வரக் கூடாது. குரூப் சாட்டில் போடாமல் அவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

ஃபிக்ஸ் பண்ண விட்டால், உங்கள் முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு, அதாவது மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிற கோரிக்கைக்கு, மற்றவர்கள் படித்துப் பார்க்கிற ரிவ்யூவில் வருகிற கமென்ட்டுகளுக்குத் தயாராக இருங்கள். ஆறு வரி மாற்றத்துக்குப் பதினைந்து கமென்ட் வரலாம். எனக்கு வந்திருக்கிறது, நானும் போட்டிருக்கிறேன். அதில் பாதிக்கு முன்னால் "நிட்" என்று இருக்கும். சும்மா ஒரு சின்னக் குறை, மாற்றினால் நல்லது, மாற்றாவிட்டாலும் குடி முழுகாது என்று அர்த்தம். மீதியில் ஒன்று "இதே மாதிரி தேதியை வேறு எத்தனை இடத்தில் மாற்றுகிறோம்?" என்று இருக்கும். அதற்குப் பதில் தேடிப் போங்கள், அங்கேதான் பயிற்சி இருக்கிறது. இரண்டு நாள் கழித்து "எல்.ஜி.டி.எம்." என்று நான்கு எழுத்து வரும். பார்த்தவரைக்கும் நன்றாக இருக்கிறது, போகட்டும் என்று பொருள்.

கோபைலட் மாதிரி ஏ.ஐ. கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயன்படுத்துவீர்கள், எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். கம்பெனி அனுமதித்த கருவியில் மட்டும் செய்யுங்கள். கிளையன்ட் கோடை எடுத்து வெளியே ஏதோ ஒரு சாட்டில் ஒட்டியதற்காக ஆட்களை அன்றே கேட்டுக்கு வெளியே அனுப்புகிற இடங்கள் உண்டு. அப்புறம், அது எழுதிக் கொடுத்த வரி ஒவ்வொன்றுக்கும் "இது ஏன் இங்கே" என்று ரிவ்யூவில் கேட்டால் உங்களால் சொல்ல முடிய வேண்டும். முடியாத வரியை அனுப்பாதீர்கள்.

டெய்லி காலில் மைக். முந்தின நாள் சாயங்காலமே ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதிவையுங்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எதில் மாட்டியிருக்கிறேன். காலையில் அதைப் பார்த்து வாசியுங்கள். வாசிப்பது யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் பரவாயில்லை. இரண்டு வாரத்தில் சீட்டு தேவைப்படாது. இலக்கணத்தை அந்த காலில் யாரும் திருத்துவதில்லை. அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அவருடைய மார்ச் 1 திரும்ப வந்தால் போதும்.

டேக் நிறம் வலிக்கும். வலிக்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. கேன்டீன் வரிசையில்கூட அது கண்ணில் படும். ஆனால் இன்ஜினியரிங் படிக்காததால்தான் இந்த வழி என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. சோஹோ 2005-லேயே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, ஸ்டைபெண்ட் கொடுத்துச் சொல்லிக்கொடுத்து இன்ஜினியராக்குகிற பள்ளியைத் தொடங்கிவிட்டது. எச்.சி.எல். 2017-இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு டெக்பீ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அப்படி வந்தவர்கள் எழுதிய கோடை இன்ஜினியரிங் படித்தவர்கள் தினமும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் இப்போது ரிவ்யூ செய்கிற கோடை எழுதியவர் எந்த டிகிரி என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

இனி கோயம்புத்தூர். 25 பேர் கம்பெனியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அங்கே முதல் வாரமே கோட் எழுத விடுவார்கள், இரண்டாம் வாரம் கிளையன்ட்டோடு பேச விடுவார்கள். சம்பளம் மாதம் 20,000-க்கு மேல் கைக்கு வரும், சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம். வீட்டில் கடன், மருத்துவம் என்று அவசரம் இருந்தால் இதற்கு மேல் யோசிக்காமல் போய்விடுங்கள். அப்பா அதை உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம், அம்மாவிடம் கேளுங்கள்.

அப்படி அவசரம் இல்லையென்றால் என் எண்ணம், இப்போதைக்கு இருங்கள். பெரிய கம்பெனி என்பதற்காக இல்லை. பத்துப் பேர் சேர்ந்து தொடுகிற ஒரு கோடில் ரிவ்யூ, டெஸ்ட், ரிலீஸ், உடைந்தால் பின்வாங்குவது என்று ஒரு மாற்றம் எப்படி நடந்து போகிறது என்பதைப் பார்க்கச் சின்ன இடத்தில் சில சமயம் ஆளே இருக்கமாட்டார்கள். அது உங்களுக்கு 30 அடி தூரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, அதுதான் பிரச்சினை. அதனால் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது மாதக் கடைசிக்குள் நீங்கள் எழுதிய ஒரு மாற்றமாவது, ஆறு வரியானாலும், ப்ரொடக்‌ஷனுக்குப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் வருடத்தை முடியுங்கள். போகவில்லை என்றால், நீங்கள் முயற்சி பண்ணியும் அவர்கள் விடவில்லை என்றால், கிளம்புங்கள். அந்த மாதிரி டீமில் 12-ஆவது மாதமும் 340 வரிசைதான் இருக்கும்.

இதில் உங்களுக்கு நஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. இந்த ஆஃபர் கை நழுவிப்போகலாம். அடுத்தது வர மூன்று மாதம் ஆகலாம். அப்ரென்டிஸ் வருடத்தைச் சில ஹெச்.ஆர். ஆட்கள் அனுபவமாகவே கணக்கில் எடுக்கமாட்டார்கள், ஃபாரத்தில் சைபர் போடச் சொல்வார்கள். இன்டர்வியூவில் எதிரே உட்காருகிற இன்ஜினியர் அப்படி இல்லை. அவரிடம் மார்ச் 1 எப்படிப் பிப்ரவரி 28 ஆனது என்று சொல்லுங்கள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

கிளம்புவது என்று முடிவானால் திங்கட்கிழமை முதல் வராமல் நின்றுவிடாதீர்கள். பதிவான ஒப்பந்தத்தை இடையில் முடிக்க வேண்டும் என்றால் அப்ரென்டிஸ்ஷிப் ஆலோசகரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று 7-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் பக்கத் தவறால் முறிந்தால் பயிற்சிச் செலவு என்று ஒரு தொகை கேட்கவும் இடம் இருக்கிறது. ஹெச்.ஆருக்கு எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி, முறையாக வெளியே வாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாளைக் காலை அந்த பிரவுசர் சோதனை. 28 வந்தால் சீனியருக்கு மெசேஜ். அன்றே மேனேஜரிடம் பதினைந்து நிமிடம் கேளுங்கள். "ரெக்ரஷனோடு சேர்த்து ஒரு சின்ன பக் ஃபிக்ஸும் என் பேரில் போட முடியுமா, ஆறாவது மாதத்துக்குள் ஒன்று முடித்துக் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். கோயம்புத்தூர் ஆஃபரைப் பற்றி அவரிடம் வாயே திறக்காதீர்கள். மிரட்டல் மாதிரி கேட்கும். அவர் என்ன சொல்கிறார் என்பதை வியாழன் இரவு வரை பாருங்கள். வெள்ளிக்கிழமை கோயம்புத்தூருக்கு எழுதும்போது, எட்டு வாரம் கழித்துச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். கேட்க ஒரு வரிதானே செலவு.

112 என்ன ஆனது என்று மறக்காமல் எழுதுங்கள். நியூயார்க்கிலும் மார்ச் 1-தான் வந்தது என்றால் பந்தயத்தில் நான் தோற்றேன், அப்போது அந்த ஸ்கிரீன்ஷாட்டில் மூலையில் இருக்கிற மணியைப் பார்த்துச் சொல்லுங்கள், வேறு இடத்தில் தேடலாம்.